எலிக் கல்லீரல் ஸ்லைடில் தெரிவது நோய்தானா? கேள்வி பதில்

கேள்வி: சார், கல்லீரலைக் கெடுக்கும் நச்சான கார்பன் டெட்ராகுளோரைடு கொடுத்த எலியின் கல்லீரலில் மைய நாளத்தை (கல்லீரலின் ஒவ்வொரு சிறு கூறின் நடுவிலும் ஓடும் ரத்தக் குழாய்) சுற்றி மட்டும்தான் செல்கள் செத்திருக்கின்றன. போர்ட்டல் பக்கம் (ரத்தம் உள்ளே வரும் கூறின் ஓரம்) நன்றாகவே இருக்கிறது. நச்சு சரியாக ஏறவில்லையா?

பதில்: ஏறியிருக்கிறது, அப்படித்தான் இருக்க வேண்டும். கல்லீரலிலுள்ள சிஒய்பி2இ1 (CYP2E1) என்ற நொதி அதை டிரைகுளோரோமெத்தில் ராடிக்கலாக (எதனோடும் சட்டென வினைபுரியும் மூலக்கூறுத் துண்டாக) மாற்றிய பிறகே செல் சாகிறது. அந்த நொதி மைய நாளத்தை ஒட்டிய செல்களில்தான் அதிகம். கிலோவுக்கு 1 மி.லி. வீதம் ஆலிவ் எண்ணெயில் கலந்து ஒரு முறை வயிற்றறைக்குள் ஊசி போட்டால், 24 மணி நேரத்தில் நாளத்தைச் சுற்றி வளையம் விழுந்திருக்கும். உள்ளே பளீரென்ற இளஞ்சிவப்பு சைட்டோபிளாசம், சுருங்கிக் கறுத்த உட்கரு. சில செல்களில் உட்கருவே இருக்காது. வளையத்தின் ஓரத்துச் செல்கள் ஊதியிருக்கும். அல்லைல் ஆல்கஹால் கொடுத்தால் நேர்மாறாகப் போர்ட்டல் பக்கம் அடிபடும்.

கேள்வி: நச்சு கொடுக்காத, ஒப்பீட்டுக்கான கன்ட்ரோல் எலியிலும் செல்லுக்குள் வெள்ளை ஓட்டைகள் தெரிகின்றன. கைடு 'கொழுப்பு' என்கிறார்.

பதில்: முதலில் ஓட்டையின் விளிம்பைப் பாருங்கள். வட்டமாக, கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால் கொழுப்பு. பெரிய துளியானால் உட்கருவை ஓரத்துக்குத் தள்ளியிருக்கும். விளிம்பு பிசிறு பிசிறாக, உட்கரு நடுவிலேயே இருந்தால் கிளைகோஜன் (செல் சேமித்து வைக்கும் சர்க்கரை). வயிறு நிறையத் தின்ற எலியில் அது இயல்பு. சர்க்கரைப் பொருளுக்கு நிறமேற்றும் பிஏஎஸ் சாயத்தில் சிவந்து, கிளைகோஜனைச் செரிக்கும் டயஸ்டேஸ் நொதியில் ஊறவைத்த ஜோடி ஸ்லைடில் மறைந்தால் கிளைகோஜன் என்பது உறுதி.

கொழுப்பை நிரூபிக்க ஆயில் ரெட் ஓ என்ற கொழுப்புச் சாயம் வேண்டும். திசுவை மெழுகில் பதித்த பாரஃபின் பிளாக்கை வைத்துக்கொண்டு அதைக் கேட்டுப் பயனில்லை. ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பை எப்போதோ கரைத்திருக்கும். எலியை அறுக்கும் அன்றே ஒரு துண்டை உறையவைத்து, கிரையோஸ்டாட்டில் (உறைந்த திசுவை வெட்டும் கருவி) 8–10 மைக்ரானில் வெட்டி, கிளிசரின் ஜெல்லியில் மூட வேண்டும். அறுப்பதற்கு முந்தைய இரவு பட்டினி என்றால் எல்லாக் குழுவுக்கும் பட்டினி. நீங்கள் சோதிக்கும் மூலிகை மருந்தைத் தின்ற குழு தானாகவே தீனி குறைத்திருந்தால், கிளைகோஜன் வித்தியாசம் 'மூலிகையின் பலன்' என்று ஆய்வேட்டில் ஏறிவிடும்!

கேள்வி: ரத்தம் தேங்கிய இடமெல்லாம் பழுப்புக் கறுப்புப் பொடி. இரும்புப் படிவா?

பதில்: இரும்பைக் காட்டும் பெர்ல்ஸ் சாயத்தில் நீலமானால் இரும்பு. நீலமாகாமல், போலரைஸ்டு ஒளியில் மின்னினால் ஃபார்மலின் நிறமி: திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் அமிலமாகி, ரத்தத்தின் நிறப்பொருளான ஹீமோடு சேர்ந்து விட்ட படிவு. ஆல்கஹாலில் கரைத்த செறிவான பிக்ரிக் அமிலத்தில் போட்டால் போய்விடும். அடுத்த முறை அமிலத்தன்மையைக் கட்டுப்படுத்தும் பஃபர் சேருங்கள்: கடைச் சரக்கான 37–40% ஃபார்மால்டிஹைடு 100 மி.லி., வடிநீர் 900 மி.லி., சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம்.

கேள்வி: துண்டின் ஓரம் தெளிவு, நடுவில் மட்டும் மங்கல். நெக்ரோசிஸ் (உயிரோடு இருக்கும்போதே செல்கள் செத்தது) என்று எழுதலாமா சார்?

பதில்: எழுதாதீர்கள். ஃபார்மலின் நடுவரை போய்ச் சேரவில்லை, எலி செத்த பிறகு திசு தன் நொதிகளாலேயே சிதைந்திருக்கிறது. உண்மையான நெக்ரோசிஸ், மைய நாளப் பக்கம் அல்லது போர்ட்டல் பக்கம் என்று மண்டலம் பார்த்து வரும். 24 மணி ஆகியிருந்தால் அழற்சிச் செல்களும் கூடியிருக்கும். இங்கே இரண்டும் இல்லை. துண்டு 3–4 மி.மீ. தடிமன், திரவம் திசுவைப்போல் 10–20 மடங்கு, ஊறல் 24–48 மணி. செத்த எலியை அன்றே அறுக்க முடியாவிட்டால் உடலைக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் பனிப் படிகம் செல்லைக் கிழித்துவிடும்.

கேள்வி: விந்தகத்தையும் (விரை) அதே ஃபார்மலினில் போடலாமா?

பதில்: வேண்டாம், விந்துக் குழல்கள் சுருங்கி இடைவெளி விழும். மாடிஃபைடு டேவிட்சன் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போடுங்கள்.