கொவென்ட்ரிக்கு வந்த தம்பிக்கு: பிரான்ஸ் ரெயினும் இஞ்சத்தை ரெயினும்

தம்பி, நீர் எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சனான். ஊரில இருந்து கொவென்ட்ரிக்கு படிக்க வந்து ரெண்டு மாசம், சனி ஞாயிறு லண்டனில மாமா வீட்டுக்கு வந்துபோற ரெயின் காசு கட்டுப்படியாகேல்ல, பாரிசில இருக்கிற மச்சான் "இஞ்ச கவுண்மெண்ட் ரெயின், அதுதான் மலிவு, உங்க தனியாரிட்ட குடுத்து நாசமாக்கிப்போட்டாங்கள்" எண்டு சொல்லுறான், அது உண்மையோ, இப்ப இஞ்சயும் கவுண்மெண்ட் திரும்ப எடுக்குதாம் அப்ப காசு குறையுமோ எண்டு கேட்டிருந்தீர். நான் 2003ல இருந்து 2020 வரை பாரிசுக்குப் பக்கத்தில லாகூர்நெவில இருந்தனான், பிரெக்சிட் கதவு பூட்ட முன்னம் குடும்பத்தோட லண்டன் வந்தனாங்கள். ரெண்டு நாட்டு ரெயினிலயும் வேலைக்குப் போய்வந்த ஆள் எண்டபடியால் தெரிஞ்சதைச் சொல்லுறன்.

மச்சான் சொன்னதில பாதி சரி. பாரிசிலயும் சுத்துவட்டாரத்திலயும் இருக்கிறவனுக்கு நவிகோ கார்ட், அதாவது ரெயின், மெட்ரோ, பஸ் எல்லாத்துக்கும் ஒரே பாஸ், பெரிய வரம். முந்தி அது சோன் சோனா, வட்டாரம் வட்டாரமாத்தான் காசு, 5 சோனுக்கும் எண்டால் மாசம் 110 யூரோவுக்கு மேல, 2015 செப்டம்பரில எல்லா சோனுக்கும் ஒரே விலை 70 யூரோ எண்டு ஆக்கினவை, பிறகு கூடித்தான் போச்சு எண்டாலும் அதில பாதியை வேலை தாற முதலாளி குடுக்கவேணும் எண்டது அங்க சட்டம். நான் வேலை செய்த ரெஸ்ரோறன்டில சம்பளத் துண்டின்ர அடியில ஒரு சின்ன வரி வரும், 35 யூரோ, அது ரெயின் காசு. இஞ்ச வந்து முதல் சம்பளத் துண்டு கிடைச்ச அண்டைக்கு அந்த வரியை மேலயும் கீழயும் தேடிப் பாத்தனான், இல்லை. சில முதலாளிமார் வருச ரிக்கெற் எடுக்க கடன் குடுப்பினம், பிறகு மாசாமாசம் சம்பளத்தில கழிப்பினம், அவ்வளவுதான்.

ஆனால் பாரிசை விட்டு வெளிக்கிட்டால் கதை வேற. தேஜேவே எண்ட அதிவேக ரெயின் 1981ல பாரிசில இருந்து லியோனுக்கு ஓடத் தொடங்கினது, இப்ப ரெண்டு மணித்தியாலத்தில கொண்டுபோய் விடும், அந்த வேகத்துக்கு இஞ்ச கிட்டவும் ஒண்டும் இல்லை, யூரோஸ்டார் போற பாதையை விட்டால். ஆனால் அது பிளேன் மாதிரி, சீற் புக் பண்ணாமல் ஏற ஏலாது, பிந்தி எடுத்தால் விலை ஏறும். மச்சானிட்ட சொல்லும், வெள்ளிக்கிழமை பின்னேரம் லியோனுக்கு அண்டைக்கே ரிக்கெற் எடுத்துப் பாக்கச் சொல்லி. இஞ்ச ஊர்க் கோச்சி மாதிரி ஓடிவந்து ரிக்கெற் எடுத்து ஏறிப்போட்டு நிண்டுகொண்டு எண்டாலும் போகலாம், கொவென்ட்ரியில இருந்து லண்டனுக்கு மணித்தியாலத்துக்கு எத்தினை ரெயின் எண்டு பாரும். பிரான்சில சின்ன டவுனுகளில காலமை ரெண்டு பின்னேரம் ரெண்டு எண்டுதான் ஓடும், நடுவில ஒண்டும் இல்லை.

ஸ்ட்ரைக்கையும் சொல்லவேணும். 2019 டிசம்பர் 5ம் திகதி பென்சன் பிரச்சினைக்குத் தொடங்கினது, ஆறு கிழமைக்கு மேல இழுத்தது, ட்ரைவர் இல்லாமல் ஓடுற 1ம் 14ம் நம்பர் மெட்ரோ மட்டும்தான் ஒழுங்கா ஓடினது, நான் லாகூர்நெவில இருந்து பாரிசில கார் து நோர் ஸ்டேசன் வரைக்கும் குளிருக்குள்ள ஒண்டரை மணித்தியாலம் நடந்து வேலைக்குப் போனனான். இஞ்ச ஸ்ட்ரைக் இல்லை எண்டு நினைச்சு வந்தால் 2022ல இருந்து 2024 வரை இஞ்சயும் விட்டுவிட்டு நடந்தது. கவுண்மெண்டோ தனியாரோ, வேலை செய்யிறவைக்குக் குறை இருந்தால் ரெயின் நிக்கும்.

இஞ்சத்தை தனியார் முறையில என்ன பிழை எண்டு எனக்கு விளங்கினது ஒரு கலியாண வீட்டால வரேக்க. வடக்குப் பக்கம் ஒரு ஸ்டேசன், ஞாயிறு இரவு, மனிசியும் ரெண்டு பிள்ளையளும், சின்னவன் தோளில நித்திரை. எங்கட ரெயின் கான்சல் எண்டு போர்டில விழுந்தது. எதிர் பிளாட்போமில லண்டனுக்குப் போற வேற கொம்பனி ரெயின் லைற் எரிய, கதவு திறந்தபடி, பாதி சீற் வெறுமையா நிக்குது. வாசலில நிண்டவர் என்ர ரிக்கெற்றை வாங்கி, அதில கொம்பனி பேர் அடிச்சிருந்த இடத்தை விரலால காட்டி, இது எங்கட இல்லை எண்டார். அவரும் பாவம், அவருக்குச் சொல்லிக்குடுத்தது அதுதான். கதவு பூட்டி அது போச்சுது, நாங்கள் அடுத்ததுக்கு ஒண்டேகால் மணித்தியாலம் அந்த வாங்கில இருந்தம். ஒரே தண்டவாளம், ஒரே ஊர், ஆனால் ரெயின் வேற ஆளின்ர. அண்டைக்கு வந்த கோவம் எனக்கு இன்னும் போகேல்ல.

இது 1993ல போட்ட சட்டத்தால வந்தது. 1948ல இருந்து கவுண்மெண்டிட்ட இருந்த பிரிட்டிஷ் ரெயிலை ஜோன் மேஜர் பிரதமரா இருந்த காலத்தில துண்டுதுண்டாப் பிரிச்சவை, தண்டவாளம் ஒரு கொம்பனிக்கு, ரெயின் ஓடுறது இருபத்தஞ்சு கொம்பனிக்கு, பெட்டியள் வாடகைக்கு விடுற மூண்டு கொம்பனிக்கு. பிந்தினது ஆற்ற பிழை எண்டு கொம்பனிக்கும் கொம்பனிக்கும் இடையில கணக்குப் பிரிக்கிறதுக்கே சம்பளத்துக்கு ஆக்கள் இருக்கினம். தண்டவாளம் வைச்சிருந்த ரெயில்ட்ராக் திருத்த வேலையை ஒப்பந்தக்காரரிட்ட விட்டுது. 2000 அக்டோபர் 17, ஹாட்பீல்டில லண்டனில இருந்து லீட்சுக்குப் போன ரெயின் தடம் புரண்டு 4 பேர் செத்தவை. தண்டவாளத்தில வெடிப்பு இருந்தது முதலே தெரியும், மாத்தவேண்டிய புதுத் தண்டவாளம் பக்கத்திலயே கொண்டுவந்து கிடந்தது, பூட்டேல்ல. பிறகு நாடு முழுக்க ரெயினுகளை மெதுவா ஓடவிட்டு, அடுத்த வருசமே ரெயில்ட்ராக் முறிஞ்சு, 2002ல நெட்வேர்க் ரெயில் எடுத்தது. அது இப்ப கவுண்மெண்டின்ர. அதாவது நீர் போற தண்டவாளம் எப்பவோ பொதுச்சொத்துதான், கனபேருக்கு அது தெரியாது.

ஆனால் கவுண்மெண்ட் கையில இருந்தால் எல்லாம் சரி எண்டும் நினையாதையும். 2013 ஜூலை 12, பாரிசுக்குத் தெற்கால பிரெத்தினியில தண்டவாளத்தை இணைக்கிற இரும்புத்துண்டு கழண்டு 7 பேர் செத்தவை, 2022ல கோட்டில எஸ்என்சிஎஃப், அதாவது பிரெஞ்சு அரசாங்க ரெயில் கொம்பனி, குற்றவாளி எண்டு 3 லட்சம் யூரோ தண்டம் போட்டவை. புதுசு புதுசா தேஜேவே பாதை போட்டுக்கொண்டு பழைய பாதையளைக் கவனிக்காமல் விட்டவை எண்டு அங்கத்தைச் சனமே அந்த நேரம் கதைச்சது.

அப்ப மலிவு எங்க இருந்து வருது எண்டால், ஆர் காசு போடுறது எண்டதில. பிரான்சில உள்ளூர் ரெயினுக்கு பிராந்தியச் சபையள் வரிக்காசில பெரும்பங்கு போடுது, தண்டவாளக் கடன் ஏறிப்போய் நிக்க அரசாங்கம் 2020லயும் 2022லயுமா 3500 கோடி யூரோவைத் தன்ர தலையில எடுத்தது. இஞ்ச 2004ல இருந்து கிட்டத்தட்ட பத்து வருசம் ரிக்கெற் காசு விலைவாசியை விட 1 வீதம் கூட ஏறலாம் எண்டு விதி வைச்சதே கவுண்மெண்ட்தான், வரி கட்டுறவன் குறைச்சுக் குடுக்க ஏறிப்போறவன் கூடக் குடுக்கட்டும் எண்டு. எனக்கு அதில மனவருத்தம் என்னெண்டால், தனியார் எண்டு சொல்லிக்கொண்டு அந்தக் கொம்பனியளில கன பங்கு வேற நாட்டு அரசாங்க ரெயிலுகளின்ரயா இருந்தது. லண்டனுக்குள்ளால போற தேம்ஸ்லிங்க் ரெயினை ஓடின கொம்பனியில எஸ்என்சிஎஃப் குடும்பத்துக் கியோலிஸ் எண்ட கொம்பனிக்கு 35 வீதம் இருந்தது. சொந்த அரசு ஓடக்கூடாது, பிரெஞ்சு அரசு ஓடலாம் எண்டால் அது என்ன நியாயம்?

இப்ப திரும்ப எடுக்கினம், அது எனக்குச் சந்தோசம். வேல்ஸ் 2021, ஸ்கொட்லாண்ட் 2022, இங்கிலாந்தில 2024 நவம்பரில சட்டம் வந்து 2025ல சவுத் வெஸ்டேர்ன், சி2சி, கிரேட்டர் ஆங்கிலியா எண்ட கொம்பனியள் ஒண்டொண்டா, ஒப்பந்தம் முடிய முடிய. தண்டவாளமும் ரெயினும் ஒரு கையில வந்தால் அந்த வாங்கில ஒரு குடும்பம் இருக்கவேண்டி வராது எண்டு நம்புறன். காசு தானா குறையாது, வாடகைப் பெட்டியள் இன்னும் தனியாரிட்டத்தான். இங்கிலாந்தில கவுண்மெண்ட் தீர்மானிக்கிற ரிக்கெற் விலையளை 2027 மார்ச் வரை ஏத்திறேல்ல எண்டு சொல்லியிருக்கினம், இப்போதைக்கு அதுதான்.

உம்மட காசுக்கு வருவம். முதல் வேலையா 16-25 ரெயில்கார்ட் எடும், மூண்டில ஒண்டு கழியும், 26க்கு மேல எண்டாலும் முழுநேரப் படிப்பு எண்டால் எடுக்கலாம். காலமை 10 மணிக்கு முந்தி அந்தக் கார்டோட ரிக்கெற் விலை 12 பவுண்சுக்குக் கீழ இறங்காது எண்டு ஒரு விதி இருக்கு, அது கிழமை நாளில, சனி ஞாயிறு உமக்குப் பிரச்சினை இல்லை. லண்டன் யூஸ்டன் ஸ்டேசனுக்கு ஒரு மணித்தியாலத்தில போற ரெயினை விட்டுப்போட்டு லண்டன் நோர்த்வெஸ்டேர்ன் எண்ட கொம்பனியின்ர மெதுவான ரெயினில மட்டும் செல்லுபடியாகிற ரிக்கெற்றைப் பாரும், நேரம் கூடப் போகும், காசு நல்லாக் குறையும், ஆனால் அதோட மற்ற ரெயினில ஏறிப்போடாதையும். திரும்பேக்க யூஸ்டனில பிளாட்போம் நம்பர் கடைசி நேரம்தான் விழும், சனம் எல்லாம் போர்டை அண்ணாந்து பாத்தபடி நிண்டு ஒரே அடியா ஓடும், நீர் நேரத்துக்குப் போய் நில்லும்.

ரெயின் பிந்தினால் டிலே ரிப்பே எண்டு நட்டஈட்டுக் காசு கேளும். கன கொம்பனியளில 15 நிமிசத்துக்குக் கால்வாசி, அரை மணித்தியாலத்துக்குப் பாதி, ஒரு மணித்தியாலத்துக்கு ஒருவழிக் காசு முழுக்க. ரிக்கெற்றைப் போனில ஒரு படம் எடுத்து வையும், 28 நாளுக்குள்ள போடவேணும்.