தாலி இருந்தால் சீர், இல்லாவிட்டால் ஏச்சு: சின்ன வயது அம்மாக்கள் பற்றிக் கேள்வி பதில்

பதினெட்டு நிறையாமல் தாயாகிவிட்ட பிள்ளைகளைப் பற்றியும் அவர்களை நம்ம குமரி மாவட்டம் நடத்துகிற விதத்தைப் பற்றியும் கேளுங்கள் என்றதற்கு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். நான் கல்குளம், விளவங்கோடு பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். வக்கீல் அல்ல, அதனால் சட்டத்தில் என் வேலைக்குத் தேவைப்பட்ட அளவுதான் சொல்ல முடியும். யாரும் பெயர், தெரு, பள்ளி எதையும் எழுதாதீர்கள். எழுதினால் பதில் கிடையாது.

கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு அம்மா: சிஸ்டர், எங்க தெருவுல 16 வயசுப் பிள்ள ஒண்ணு பெத்து வீட்ல இருக்கு. யாரும் போய்ப் பார்க்கல. போகலாமா? போனா என்ன பேச?

போங்கள். இன்றைக்கே போங்கள். வேறு எந்த வீட்டில் பேறுகாலம் என்றாலும் நம்ம ஊரில் என்ன நடக்கும்? பிள்ளையைக் குளிப்பாட்ட ஒரு பாட்டி வருவார், பேறுகால மருந்து கிண்டுவார்கள், இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டுவார்கள், இல்லாவிட்டால் ஞானஸ்நானத்துக்கு நாள் குறிப்பார்கள். இந்தப் பிள்ளைக்கு அதில் ஒன்றுமே கிடைக்காது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு, தூக்கமில்லாமல், பால் கட்டி நெஞ்சு வலித்தால்கூட யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும். கொஞ்சம் மீன் குழம்போ, பழைய பருத்தித் துணியோ கொண்டு போங்கள். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "நீ ஒரு மணி நேரம் உறங்கு மக்ளே" என்று சொல்லுங்கள். தகப்பன் யார், எப்படி ஆச்சு என்று கேட்காதீர்கள். அதைக் கேட்க அதிகாரிகள் இருக்கிறார்கள், அவர்கள் கேட்டும் முடித்திருப்பார்கள். அவளுடைய அம்மாவிடமும் ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள், அந்த அம்மாவை ஊர் இன்னும் மோசமாகக் கேள்வி கேட்டிருக்கும்.

பெயர் வேண்டாம்: ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் கேஸ் ஆகும்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மை. மறைத்துச் சொல்ல மாட்டேன். 18 வயது நிறையாத பிள்ளை கர்ப்பமாக வந்தால் ஆஸ்பத்திரி தகவல் கொடுத்தே ஆக வேண்டும், அது 2012-ல் வந்த போக்சோ சட்டம், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற சட்டம். கொடுக்காத டாக்டருக்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு. காதலித்தார்கள், சம்மதத்தோடு நடந்தது என்பதெல்லாம் 18-க்குக் கீழே சட்டத்தில் நிற்காது. ஆனால் தகவல் போகும் என்பதற்காக யாரும் வைத்தியம் பார்க்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. கருவைக் கலைக்க வேண்டிய நிலை என்றால், 2021 விதிகளின்படி 18 நிறையாதவர்களுக்கு 24 வாரம் வரை வழி இருக்கிறது. பெற்றோர் அல்லது காப்பாளரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அந்தப் பிள்ளையும் வீட்டாரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குப் போகிற தகவலில் பெயரையும் அடையாளத்தையும் டாக்டர் சொல்ல வேண்டியதில்லை என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இது பலருக்குத் தெரியாது, தெரியாததால் ஐந்தாறு மாதம் வரை ஒளித்து வைக்கிறார்கள்.

போகாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள். வளர்ந்து முடியாத உடம்பு, பெரும்பாலும் ரத்தம் குறைவாகவே இருக்கும். பிரஷர் ஏறி ஜன்னி கண்டுவிடும் ஆபத்து இந்த வயதில் கூடுதல். குழந்தை மாதம் நிறையாமல், இரண்டரை கிலோவுக்குக் கீழே பிறக்க வாய்ப்பும் அதிகம். இதெல்லாம் மாதாமாதம் பார்த்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். வேலையில் நான் கண்டது என்னவென்றால், போலீஸுக்குப் பயந்து வராதவர்களைவிட, ஆஸ்பத்திரி வரிசையில் பக்கத்து ஊர்க்காரி பார்த்துவிடுவாளே என்று வராமல் இருந்தவர்கள்தான் அதிகம்.

குளச்சலிலிருந்து: பெரியம்மா சொல்லி 19னு வயசு சொல்லி கார்டு போட்டாச்சு. இப்ப ஏழாம் மாசம். பரவாயில்லியா?

பரவாயில்லை இல்லை. நாளைக்கே போய் டாக்டரிடம் உண்மையான வயதைச் சொல்லுங்கள். வயதை மட்டும் மாற்றாதீர்கள் என்று நான் சாகும்வரை சொல்லுவேன். 19 என்று எழுதினால் அவளைச் சாதாரணக் கர்ப்பிணியாகப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். 16 என்று தெரிந்தால் ஆபத்துள்ள கர்ப்பம் என்று குறித்து, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி போலப் பெரிய இடத்தில் பிரசவம் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். ஆதாரிலும் பள்ளி டீசியிலும் ஒரு வயது, கர்ப்பப் பதிவில் வேறொரு வயது என்றால் அது பிறகு குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் வந்து முட்டும்.

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டப் பணம் கிடைக்குமா?

அதற்குத் தாய்க்கு 19 வயது ஆகியிருக்க வேண்டும். அதற்காக வயதைக் கூட்டாதீர்கள்.

தக்கலை: பேசாம ரெண்டு பேருக்கும் கட்டி வச்சிட்டா ஊர் வாயும் அடங்கும், கேஸும் போயிடும்ல?

போகாது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி கட்டிக்கொள்கிற வயதுவந்த ஆணுக்கும், நடத்தி வைக்கிறவர்களுக்கும் இரண்டு வருடம் வரை தண்டனை. கட்டி வைத்தாலும் போக்சோ அப்படியே இருக்கும். பிறந்த குழந்தைக்குச் சட்டத்தில் குறைவில்லை, அந்தத் திருமணத்தைப் பிறகு ரத்து செய்தாலும் குழந்தை முறைப்படியான குழந்தைதான். பெண் விரும்பினால் மேஜர் ஆகி இரண்டு வருடத்துக்குள் ரத்து கேட்கலாம். ஊர் வாய் அடங்கும் என்கிறீர்களே, அதைத்தான் அடுத்த ஐயாவின் கேள்வியில் பேசப் போகிறேன்.

பூதப்பாண்டி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: எங்கள் பாட்டிக்கு 14-ல் கல்யாணம், 15-ல் முதல் பிள்ளை. மொத்தம் பதினொன்று பெற்றார், 90 வயது வரை தோப்பில் நடந்தார். நீங்கள் தேவையில்லாமல் பயமுறுத்துகிறீர்கள்.

ஐயா, பாட்டி நன்றாக வாழ்ந்ததில் எனக்கும் சந்தோஷம். பதினொன்றில் எத்தனை பிள்ளைகள் வளர்ந்து ஆளாயின என்று மட்டும் வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

அதே ஐயா: ஆறு. ஆனால் அது அந்தக் கால வைத்தியம்.

அந்தக் கால வைத்தியமும்தான், அந்த வயதும்தான். 1929-ல் பெண்ணுக்குத் திருமண வயது 14 என்று சட்டம் வந்தபோதே எவ்வளவு எதிர்ப்பு! பிறகு 1949-ல் 15, 1978-ல் 18. சின்ன வயதுப் பிரசவத்தில் தாயும் சிசுவும் போவதைக் கண்டுதான் அன்றைக்குப் பலர் அதற்காகப் பேசினார்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து இன்னொரு அக்கா: ஐயாவோட பாட்டிக்கு 15-ல் பிள்ளை பிறந்தப்போ ஊரே சீர் கொண்டு போயிருக்கும். இன்னைக்கு 16-ல் பெத்தவளை அதே ஊர் கெட்டுப்போனவன்னு சொல்லுது. ரெண்டும் ஒரே வயசுதானே?

நான் சொல்ல நினைத்ததை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். நம்ம ஊரைச் சங்கடப்படுத்துவது அந்தப் பிள்ளையின் வயது அல்ல, தாலி இல்லாததுதான். வயதுதான் கவலை என்றால், பதினைந்தில் ரகசியமாகக் கட்டி வைக்கிற வீட்டில் பந்தியில் உட்கார மாட்டோம், குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட்டிருப்போம். சாப்பிட்டுவிட்டு மொய்யும் வைத்துவிட்டு வருகிறோம். தாலி இல்லாமல் பெற்றவள் தெருவில் நடந்தால் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்கிறோம். இரண்டு பேரும் குழந்தைகள்தான், ஒரே ரத்தச் சோகை, ஒரே ஆபத்து. அப்புறம் அந்தப் பையன்? அவன் கேரளாவுக்கு வேலைக்குப் போயிருப்பான், லீவுக்கு வந்து கிளப்பில் கேரம் விளையாடுவான், அவனை யார் வீட்டிலும் உள்ளே விடமாட்டேன் என்று சொன்னதில்லை.

ஆசிரியர் ஐயா மறுபடியும்: இரக்கப்பட்டால் மற்ற பிள்ளைகளும் துணிந்துவிட மாட்டார்களா? பயம் வேண்டாமா?

அக்கம்பக்கத்தார் அன்பாகப் பேசுகிறார்கள் என்பதற்காகக் கர்ப்பமான பிள்ளையை நான் கண்டதில்லை ஐயா. விவரம் தெரியாமல், நம்பி, மிரட்டப்பட்டு, சில நேரம் சொந்த வீட்டுக்குள்ளேயே நடந்து, அப்படித்தான் வந்திருக்கிறார்கள். பயம் கர்ப்பத்தைத் தடுக்கவில்லை, கர்ப்பத்தைச் சொல்வதைத்தான் தடுத்தது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதல் மாவட்டம் நம்முடையது, ஏறக்குறைய 92 சதவீதம். அந்தப் படிப்பு இங்கே உதவ வேண்டாமா? மேற்கு வங்காளத்துப் போக்சோ வழக்கு ஒன்றில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பாருங்கள்: குற்றம் உறுதியான பிறகும் அந்த ஆணுக்குத் தண்டனை விதிக்காமல் விட்டார்கள், இதை முன்னுதாரணமாக எடுக்கக் கூடாது என்றும் சொன்னார்கள். ஏன் விட்டார்கள் என்றால், இப்போது அவனோடு வாழ்கிற அந்தப் பெண்ணைச் சமூகம் பழித்தது, சட்டம் கைவிட்டது, சொந்தக் குடும்பம் தள்ளி வைத்தது, இனி இருக்கிற சின்னக் குடும்பத்தையும் பிடுங்கினால் அவளுக்கு இன்னும் அநியாயம் என்று. நீதிபதிகள் எழுதிய அந்த வரிசையில் சமூகம் என்பது நாம்தான் ஐயா. இதற்கு மேல் உங்களோடு தனியாகப் பேசுகிறேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

திங்கள்சந்தை: அக்கா கேஸ் வருமா?

மேலே விவரமாகச் சொல்லியிருக்கிறேன், படியுங்கள்.

ஒரு அம்மா: எனக்கு 36 தான். பேத்தியை என் பிள்ளைன்னே பதிஞ்சிட்டா மகள் படிக்கப் போயிடுவா. செய்யலாமா?

மனசு புரிகிறது அம்மா, ஆனால் செய்யாதீர்கள். பொய்ப் பதிவு குற்றம், அந்தக் குழந்தை வளர்ந்து ஊரார் வாயால் தெரிந்துகொள்ளும் நாளும் வரும். 21 நாளுக்குள் மகள் பெயரிலேயே பதியுங்கள். திருமணமாகாத தாய் தகப்பன் பெயர் சொல்லாமலே பிறப்புச் சான்றிதழ் வாங்கலாம் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, அந்த வழக்குப் போட்டவரும் ஒரு கிறிஸ்தவத் தாய்தான். கத்தோலிக்கர் என்றால் ஞானஸ்நானப் பதிவுக்கும் திருச்சபைச் சட்டத்தில் வழி இருக்கிறது, தாய் கேட்டால் தாய் பெயரைப் பதிவார்கள். வளர்ப்பதை நீங்கள் வளருங்கள், மகள் படிக்கட்டும். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம்.

களியக்காவிளை: பிள்ளையில்லாத தம்பதி ஒண்ணு கேட்டாங்க, செலவுக்கும் தருவாங்களாம்.

காசு வாங்கிக் கொடுத்தால் அது குழந்தை விற்பனை, ஐந்து வருடம் வரை சிறை. வளர்க்கவே முடியாது என்றால் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன்னால் முறைப்படி ஒப்படையுங்கள். மனம் மாறினால் திரும்பப் பெற அறுபது நாள் உண்டு.

பையனுக்கு 17. ஜெயிலா?

முதலில் இளைஞர் நீதிக் குழுமம் பார்க்கும், உடனே சிறை அல்ல. ஆனால் 16 நிறைந்தவர் மேல் கொடிய குற்றம் என்றால் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு மாற்றவும் செய்யலாம். மற்றதற்கு 15100-க்குப் பேசுங்கள், இலவச வக்கீல் கிடைப்பார்.

கேஸ் வராம பார்க்கிற டாக்டர் யாராவது...

இல்லை. இந்தக் கேள்விக்கு இனிப் பதில் எழுத மாட்டேன். வயதையும் மாற்றாதீர்கள்.

குலசேகரம், இப்போது 20 வயது: எனக்கு 16-ல் மகன் பிறந்தான். அங்கன்வாடியில் "அக்காவா, அம்மாவா"ன்னு எல்லார் முன்னாலயும் கேக்காங்க. அழுகை வருது.

அம்மா என்று சொல் மக்ளே, சத்தமாகச் சொல். வேறு விளக்கம் யாருக்கும் சொல்ல வேண்டாம். நாலு வருடம் வளர்த்து அங்கன்வாடி வரை கொண்டுவந்தவள் நீ. டீச்சரிடம் தனியாக, மற்றவர்கள் முன் கேட்க வேண்டாம் என்று கேட்டுக்கொள், பெரும்பாலும் கேட்பார்கள். படிப்பு விட்ட இடம் எது என்று எழுது, ஐடிஐயா, தனித்தேர்வா என்று சேர்ந்து பார்க்கலாம்.

சின்ன வயசுல பெத்தா தாய்ப்பால் போதுமா?

போதும். ஆறு மாதம் அது மட்டுமே.

இரணியல்: குழந்தைக்கு 9 மாசம். ஊருக்குப் பயந்து ஒரு ஊசியும் போடல. இனி போட முடியுமா?

முடியும். காசநோய்த் தடுப்பு ஊசியான பிசிஜி ஒரு வயது வரை போடலாம். ஆறாவது வாரத்தில் தொடங்க வேண்டியதை இப்போது தொடங்கலாம், 9 மாதத்தில் போடும் தட்டம்மை ரூபெல்லா ஊசியும் சேரும். புதன்கிழமை துணை சுகாதார நிலையத்துக்குப் போங்கள், அட்டை இல்லாவிட்டாலும் புதிதாகப் போட்டுத் தருவார்கள். கூட்டமாக இருக்குமே என்று தோன்றினால் முந்தின நாளே அந்த ஊர் நர்ஸிடம் பேசி, எந்த நேரம் வரலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.