புராஸ்டேட் வீக்கம்: ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 66. புராஸ்டேட் வீக்கத்துக்கு இரண்டு வருடமாக ஒரே மாத்திரை சாப்பிடுகிறேன். ராத்திரி நான்கு தடவை எழுந்திருக்கிறேன். ஸ்கேனில் சுரப்பி 55 கிராம் என்று வந்ததும், உடனே ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்கிறார்கள் வீட்டில். ஆண்மை போய்விடுமோ என்று பயம். தள்ளிப்போடலாமா?

பதில்: முதலில் அந்த 55 கிராமை மனதிலிருந்து இறக்கி வையுங்கள். 30 கிராம் சுரப்பியோடு முக்கி முக்கிச் சிறுநீர் கழிப்பவர்களும் உண்டு, 100 கிராமைத் தாண்டியும் நிம்மதியாகத் தூங்குகிறவர்களும் உண்டு. எந்த முறையில் ஆபரேஷன் செய்வது என்பதற்குத்தான் அளவு முக்கியம். ஆபரேஷன் வேண்டுமா என்பதைச் சிறுநீர்ப்பையும் சிறுநீரகமும்தான் சொல்ல வேண்டும்.

சிறுநீர் அடியோடு அடைத்து, கதீட்டரை (சிறுநீரை வடிக்கப் போடும் குழாயை) எடுத்த பிறகும் போகாமலிருந்தால் தள்ளிப்போடக் கூடாது. அடைப்பால் திரும்பத் திரும்பக் கிருமித்தொற்று, மருந்துக்கு அடங்காத ரத்தப்போக்கு, பையில் கல் என்றாலும் அப்படித்தான். சிறுநீரகம் வீங்கி, ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறுவதை நினைத்தால்தான் எனக்கு அதிகக் கவலை. வலியே இல்லாமல் நடந்துவிடும்.

உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை. ஆனால் கிரியேட்டினின் பார்த்தீர்களா, கழித்து முடித்த பிறகு பையில் எவ்வளவு தங்குகிறது என்று அளந்தீர்களா? இல்லையென்றால் அதை முடித்துவிட்டுப் பேசுவோம். நிறையத் தங்கிக்கொண்டே வருடக்கணக்கில் விட்டால் பையின் தசை தளர்ந்துபோகும். அப்புறம் ஆபரேஷன் செய்தாலும் முழுப் பலன் கிடைக்காமல் போகலாம்.

மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் போகிற அளவை நேரத்தோடு எழுதுங்கள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தூங்கும் நேரத்தில் போனால், சர்க்கரை, கால் வீக்கம், தூக்கத்தில் மூச்சுத்திணறல் என்று காரணம் வேறாக இருக்கலாம். அதற்குச் சுரப்பியை வெட்டிப் பயனில்லை.

மாத்திரையிலும் இரண்டு வகை. டாம்சுலோசின் போன்றவை இறுக்கத்தைத் தளர்த்தும், சில நாட்களிலேயே தெரியும். ஃபினாஸ்டெரைடு போன்றவை சுரப்பியைச் சுருக்கும், ஆறு மாதமாவது ஆகும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தீர்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதற்கும் அடங்காமல் அடைப்பால் தூக்கம் கெட்டால், ஆபத்து வரும்வரை காத்திருக்க வேண்டாம், தாராளமாகச் செய்துகொள்ளலாம்.

ஆண்மை பற்றி: விறைப்பு பெரும்பாலானவர்களுக்குக் கெடுவதில்லை. ஆனால் குழாய் வழியாகச் சுரண்டி எடுக்கும் வழக்கமான ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்கு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். உடம்புக்குக் கெடுதல் இல்லை. இதை மனைவியிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சரி, இன்னொன்று. சளி, மூக்கடைப்புக்கு நீங்களாக மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். அவற்றில் சில, திடீரென்று சிறுநீரை அடைத்துவிடும். அப்படி அடைத்தால் விடியட்டும் என்று இருக்காமல், அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.