வீடு யாருடையது, ஐயா?

கேள்வி: எனக்கு 72 வயது, மனைவிக்கு 67. மதுரையில் சொந்த வீடு, வழிகாட்டி மதிப்பு 80 லட்சம். மகன் அமெரிக்காவில் இருக்கிறான், கிரீன் கார்டு வாங்கிவிட்டான். மகளை நகை, சீர் எல்லாம் செய்து திருச்சியில் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டை மகனுக்கு இப்போதே செட்டில்மென்ட் (உயிரோடிருக்கும்போதே தானமாக எழுதிக் கொடுக்கும் பத்திரம்) எழுதினால் செலவு குறைவு, தள்ளிப்போட்டால் வரித் தொல்லை என்கிறார் பத்திர எழுத்தர். 1994-இல் மனைவி பெயரில் வாங்கிய வீடு. நான் சொன்னால் அவள் கையெழுத்துப் போட்டுவிடுவாள். செட்டில்மென்ட்டா, உயிலா?

பதில்: 'சொந்த வீடு' என்று ஆரம்பித்தீர்கள். யார் பெயரில் இருக்கிறது என்பதைக் கடிதம் முடியப்போகிற இடத்தில், போகிற போக்கில் சொல்கிறீர்கள். பணம் நீங்கள் போட்டிருக்கலாம். ஆனால் பத்திரம் அவர் பெயரில். எழுதிக் கொடுக்கிற உரிமை அவருடையது, உங்களுடையது அல்ல. அவருக்கு என்ன விருப்பம் என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. கேட்டீர்களா?

பத்திர எழுத்தர் எழுதப்போகும் செட்டில்மென்ட்டில் ஒரு வரி இருக்கும்: 'பிறர் தூண்டுதல் ஏதுமின்றி, நல்ல நினைவுடன், என் மனப்பூர்வமான சம்மதத்தின் பேரில்.' அதன் கீழேதான் அந்த அம்மா கையெழுத்துப் போட வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் போட்டோ எடுத்து, விரல் ரேகையும் வைப்பார்கள். 'நான் சொன்னால் போட்டுவிடுவாள்' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கு மகள் வழக்குப் போட்டால் அவருடைய வக்கீல் தேடுவது இந்த வாக்கியத்தைத்தான்.

வரிக்கு வருவோம். எஸ்டேட் டியூட்டியை, அதாவது இறந்தவர் விட்டுச்சென்ற சொத்துக்கான வரியை, 1985-லேயே எடுத்துவிட்டார்கள். அம்மா மகனுக்குத் தானமாகக் கொடுத்தாலும், உயிலில் வைத்தாலும், வாங்குகிறவருக்கு இந்தியாவில் வருமான வரி கிடையாது. குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் முத்திரைக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. ஆக உங்கள் 80 லட்சத்துக்கு 50,000 ரூபாய். உயிலுக்கு முத்திரைத்தாளே வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். எது செலவு குறைவு என்று பத்திர எழுத்தரையே கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மகன் பிற்பாடு விற்றால்? எந்த வழியில் வந்திருந்தாலும் இந்திய மூலதன ஆதாய வரிக்கு (விற்ற லாபத்துக்கான வரி) அம்மா வாங்கிய விலைதான் கணக்கு. 2001-க்கு முந்தைய சொத்து என்பதால் 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி மதிப்பையும் எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில்தான் வித்தியாசம். உயிரோடிருப்பவர் தானமாகக் கொடுத்தால் அவருடைய பழைய விலையே மகனுக்கும் அடக்கவிலை, அதாவது லாபம் கணக்கிடக் கழிக்கும் விலை. இறந்தவர் உயிலில் வந்தால், இறந்த நாளின் சந்தை மதிப்பு அடக்கவிலை. 1994-க்குப் பிறகு அதுவரை மதுரையில் நிலம் ஏறியதெல்லாம் அங்கே லாபக் கணக்கில் வராது. எந்த வழியானாலும் மதிப்பு 1 லட்சம் டாலரைத் தாண்டினால் மகன் அமெரிக்க வரித் துறைக்கு 3520 என்ற படிவம் போட வேண்டும். மறந்தால் அபராதம் கடுமை.

வரியைவிடப் பெரிய விஷயம் வேறு. பதிவான செட்டில்மென்ட்டை அந்த அம்மா தானாக ரத்து செய்ய முடியாது. மறுநாள் முதல் அவர் மகன் வீட்டு விருந்தாளி, நீங்களும்தான். 'ஆயுள்வரை அனுபவ பாத்தியதை' என்று எழுதிக்கொண்டால் குடியிருக்கலாம், ஆனால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அடமானம் வைக்க முடியாது. பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007 இருக்கிறதே என்பீர்கள். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதியிருந்தால்தான், மகன் கவனிக்கவில்லை, பத்திரத்தை ரத்து செய்யுங்கள் என்று கோட்டாட்சியரிடம் போய் நிற்கத் தெம்பு இருக்கும். 'அன்பினாலும் பிரியத்தினாலும்' என்று மட்டும் எழுதிவிட்டு நிற்பவர்கள் ஏராளம்.

ஆகவே உயில். அதை அந்த அம்மா எழுதட்டும். தனக்குப் பின் நீங்கள் ஆயுள்வரை குடியிருக்கலாம், அப்புறம் இன்னாருக்கு இவ்வளவு என்று. நான்கெல்லை, சர்வே எண், கதவு எண் மூலப் பத்திரத்தில் உள்ளபடியே வரட்டும். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. இரண்டு சாட்சிகள், பங்கு பெறுபவர் யாரும் சாட்சியாக வேண்டாம், உங்களைவிட இளையவர்களாகப் பாருங்கள். நல்ல நினைவோடு இருக்கிறார் என்று டாக்டரிடம் ஒரு சான்று வாங்கி இணைத்துவிடுங்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் செய்யுங்கள். மனம் மாறினால் எத்தனை முறையும் மாற்றி எழுதலாம்.

உயிலே இல்லாமல் அவர் போய்விட்டால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகன், மகள், நீங்கள் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. சட்டம் சீரையும் நகையையும் கழித்துப் பார்ப்பதில்லை. நானும் பார்க்க மாட்டேன். திருச்சி மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடும் தூரம். ராத்திரி உங்களுக்கு நெஞ்சு வலித்தால் முதலில் வந்து நிற்கப்போவது யார்? மகளுக்கு எவ்வளவு என்பதை அம்மாதான் தீர்மானிக்க வேண்டும். அந்தப் பேச்சு நடக்கும்போது நீங்கள் அறையில் இருக்க வேண்டாம்.

மூலப் பத்திரம் இப்போது யார் பீரோவில் இருக்கிறது? உங்களுடையதில் என்றால், இன்றைக்கே எடுத்து அவர் கையில் கொடுங்கள்.