தோள்பட்டை இம்பிஞ்ச்மென்ட்: எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: எனக்கு வயது 48. சில மாதங்களாக வலது கையை உயர்த்தினால் தோள் வலிக்கிறது. அந்தப் பக்கமாகப் படுக்க முடியவில்லை. மருத்துவர் ‘இம்பிஞ்ச்மென்ட்’ என்கிறார். அதில் பல வகைகள் உண்டாமே, என்னுடையது எது? எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியுமா?

பதில்: உங்களுக்குக் கிடைத்திருப்பது பாதி விடைதான். இம்பிஞ்ச்மென்ட் என்றால் நெருக்குண்ணல் என்று பொருள். தோளின் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) எங்கே நெருக்குண்கிறது, எதனால் நெருக்குண்கிறது என்பது தெரிந்த பிறகே சிகிச்சையைத் தீர்மானிக்க முடியும்.

உங்கள் வயதில் மிகுதியாகக் காணப்படுவது அக்ரோமியனுக்கு அடியில் ஏற்படும் வகை. தோளின் உச்சியில் கூரைபோல் நீண்டிருக்கும் அந்த எலும்புக்கும் மேற்கை எலும்பின் தலைக்கும் நடுவே உள்ள குறுகிய இடைவெளியில் சுப்ராஸ்பைனேட்டஸ் தசைநாணும் பர்சா என்ற மெல்லிய பையும் அமைந்துள்ளன. அக்ரோமியன் கீழ்நோக்கி வளைந்திருப்பதாலோ, அதன் அடியில் எலும்பு முளைத்திருப்பதாலோ அந்த இடைவெளி சுருங்கினால் அது முதன்மை வகை. எலும்பில் குறையில்லாமல், முதுகுப்புறத் தோள்பட்டை எலும்பை இயக்கும் தசைகள் வலுவிழந்தோ மூட்டு தளர்ந்தோ நெருக்கம் உண்டானால் அது இரண்டாம் நிலை வகை. பந்தெறியும் விளையாட்டு வீரர்களுக்கு, கையைப் பின்னோக்கி ஓங்கும்போது தசைநாணின் உட்புறம் மூட்டுக்குழியின் பின் விளிம்பில் சிக்குவதால் தோளின் பின்புறம் வலிக்கும். இது உள் இம்பிஞ்ச்மென்ட். முன்புறக் கோரகாய்ட் எலும்பில் உரசும் வகை அரிது.

இவற்றைப் பிரித்தறிய முதலில் தேவைப்படுவது பொறுமையான உடற்பரிசோதனை. கையைப் பக்கவாட்டில் மெல்ல உயர்த்தும்போது ஏறத்தாழ 60 பாகையில் வலி தொடங்கி, 120 பாகையைத் தாண்டியதும் தணிந்தால், அக்ரோமியனுக்கு அடியில்தான் கோளாறு என்ற ஐயம் வலுக்கும். ஹாக்கின்ஸ் சோதனையில், மேற்கையை முன்னால் தோள் உயரத்தில் நிறுத்தி, முழங்கையை மடித்து, முன்கையைக் கீழ்நோக்கித் திருப்பி வலி எழுகிறதா என்று பார்ப்பார்கள். எந்தச் சோதனையும் தனித்து முடிவு சொல்லிவிடாது. பல சோதனைகள் ஒத்துப்போனால் நம்பலாம். அப்போதும் தெளிவு பிறக்காவிட்டால், அக்ரோமியனுக்கு அடியில் மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டு வலி அடங்குகிறதா என்று பார்ப்பதுண்டு. நீங்கள் கையை உயர்த்தி இறக்கும்போது தோள்பட்டை எலும்பு எப்படி நகர்கிறது என்பதை முதுகுப்புறம் நின்று பார்ப்பதும் அவசியம். சட்டையைக் கழற்றச் சொல்லாமலே பரிசோதனை முடிந்திருந்தால், அதைப் பார்க்கும்படி நீங்களே கேளுங்கள்.

வேறு நோய்களையும் விலக்க வேண்டும். மருத்துவர் பிடித்துத் திருப்பினாலும் கை வெளிப்புறமாகத் திரும்பவில்லையென்றால், மூட்டு இறுகிப்போகும் ‘உறைந்த தோள்’ நோயாக இருக்கலாம். வலி முழங்கைக்குக் கீழே இறங்கி விரல்கள் மரத்துப்போனால், கழுத்து நரம்பைச் சோதிக்க வேண்டும்.

எக்ஸ்ரே எலும்பு முளையைக் காட்டும், அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும் தசைநாண் கிழிசலைக் காட்டும். ஆனால், தோள்வலியே இல்லாத முதியவர்கள் பலருக்கும் ஸ்கேனில் கிழிசல் தெரிவதுண்டு என்பதால், படத்தை மட்டும் வைத்து முடிவெடுப்பது தவறு. அக்ரோமியனைச் சீவும் அறுவைசிகிச்சை, எதையும் சீவாமல் உள்நோக்கியால் பார்த்துவிட்டு முடித்ததைக் காட்டிலும் குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை என்று 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே, அவசரப்பட்டு அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். முறையான பிசியோதெரபியை முதலில் சில மாதங்கள் தொடருங்கள். கீழே விழுந்த பின் வலி தொடங்கியிருந்தாலோ, கையைத் தூக்கவே வலுவில்லாமல் போனாலோ ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம்.