பழைய தளபாடங்களை வாங்கி வீட்டிலேயே திருத்திப் பாவிப்பது செலவுக்குத் தகுமா? கணவன் மனைவி சேர்ந்து செய்யலாமா, விற்கலாமா?

தகும். ஆனால் எதை வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நாங்கள் யாழ்ப்பாணத்தில் கொக்குவிலில் இருக்கிறோம். என் கணவருக்கு மரவேலை, எனக்குப் பின்னல். விறாந்தையின் ஒரு பக்கம்தான் எங்கள் பட்டறை. மாரியில் ஈரக்காற்றுப் பட்டால் பொலிஷ் வெள்ளை பூத்துவிடும் என்பதால் ஐப்பசி, கார்த்திகையில் பனையோலை வேலை மட்டும் செய்வோம். மரத்தைத் தை பிறந்த பிறகுதான் தொடுவது.

இங்கே நல்ல பழைய சாமான் பெரும்பாலும் கடையில் கிடைப்பதில்லை, வீடு இடிக்கிற இடத்தில்தான் கிடைக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் புது வீடு கட்டுவிக்க நினைத்தால் சாய்மனைக் கதிரை, அலுமாரி, பெட்டகம், வாங்கு (பெஞ்ச்) எல்லாம் ஒரே நாளில் முற்றத்துக்கு வந்துவிடும். கேட்டால் தருவார்கள். கேட்காவிட்டால் விறகாகப் போகும். 1995 ஒக்ரோபர் கடைசியில் போரால் எங்கள் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தது. திரும்பி வந்த பலருக்குச் சுவர் இருந்தது. கதவு, யன்னல், கட்டில் இருக்கவில்லை. அத்தனையையும் தாண்டி ஒரு கதிரை இன்றைக்கும் நாலு காலில் நிற்கிறதென்றால் அதைக் கொத்தி அடுப்பில் வைக்க எனக்கு மனம் வராது.

வாங்கும்போது மினுக்கத்தைப் பார்க்காதீர்கள். தூக்கிப் பாருங்கள். முதிரையும் தேக்கும் கையிலேயே தெரியும். பிறகு கவிழ்த்து அடிப்பக்கம் பாருங்கள். ஆணி இல்லாமல் மரத்துக்குள் மரம் ஏறின பொருத்து என்றால் ஆடினாலும் பயமில்லை. பழைய பசை விட்டிருக்கும், அவ்வளவுதான். கழற்றி, பசையைச் சுரண்டி, புதுப்பசை வைத்துக் கயிற்றால் இறுக்கி ஒரு நாள் விட்டால் சரி. சின்ன ஓட்டைகளுக்குக் கீழே புதிதாக வெளிறின மாத்தூள் கொட்டியிருந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது. அதை மற்ற மரங்களுக்குப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம். தூள் அழுத்திச் செய்த பலகையில் தண்ணீர் பட்டு ஊதியிருந்தால் இலவசமாகத் தந்தாலும் விட்டுவிடுங்கள்.

வாங்கி வந்தவுடன் மெஷின் பிடித்து முழுவதையும் தேய்த்து, மேலே வார்னிஷ் அடிப்பதுதான் இப்போது எங்கும் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. பல வருடம் கைபட்டு வந்த அந்த நிறத்தை ஒருமுறை தேய்த்து எடுத்தால் திரும்ப வராது. முதலில் கொஞ்சம் சவர்க்காரத் தண்ணீரில் துணியைப் பிழிந்து துடையுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. அப்படியே காயவிட்டால் வெள்ளையாகப் படியும். அதனால் உடனே காய்ந்த துணியால் ஒற்றிவிட வேண்டும். பிறகு மறைவான இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அது அரக்குப் பொலிஷ். நல்ல செய்தி: புது அரக்கு பழையதைக் கொஞ்சம் இளக்கி அதோடு ஒன்றாகிவிடும். பஞ்சைத் துணியில் பொதிந்து மெல்லிசாகத் திரும்பத் திரும்பப் பூசினால் போதும், சுரண்ட வேண்டியதே இல்லை.

இதில் எங்கள் இரண்டு பேருக்கும் வழக்கு வராத நாளில்லை. சாய்மனைக் கதிரை ஒன்றின் கையில் பாக்குச் சீவின தடம் வரிவரியாக இருந்தது. “இஞ்சாரும், இதையும் அடைச்சு விடட்டோ?” என்றார். “வேண்டாமப்பா, அது இருக்கட்டும்” என்றேன். இருக்கிறது. வருகிறவர்கள் முதலில் கை வைப்பது அதில்தான்.

பிரம்பு பின்னுவது என் வேலை. கதிரைச் சட்டத்தைச் சுற்றி ஓட்டைகள் இருந்தால் இழை இழையாகப் பின்ன வேண்டும். பள்ளமான தவாளிப்பு இருந்தால் பின்னிய தட்டை வாங்கி அழுத்திப் பொருத்தலாம். பிரம்பு இங்கே வளர்வதில்லை. கொழும்பு – கண்டி வீதியில் வேவல்தெனியப் பக்கம் பிரம்பு வேலைக்குப் பேர்போனது. இழையை அரை மணித்தியாலம் தண்ணீரில் ஊறவைத்து, மினுக்கப் பக்கம் மேலே வரும்படி நெடுக்காக இரண்டு, குறுக்காக இரண்டு, மூலைவாட்டில் இரு பக்கமும் ஒவ்வொன்று. ஈரத்தில் கொஞ்சம் தளர்வாகத்தான் தெரியும். காய்ந்தால் மேளத்தோல் போல இறுகிவிடும். பிரம்பு அறாமல் தொய்ந்து மட்டும் இருந்தால் பின்னவே தேவையில்லை. அடிப்பக்கத்தை ஈரத்துணியால் நனைத்து இரவு முழுக்க விடுங்கள், பெரும்பாலும் தானே ஏறிவிடும்.

தளபாடத்தோடு நிற்பதில்லை. இடித்த கூரையின் பனஞ்சலாகைகளில் இவர் புத்தகத் தட்டு செய்தார். பனை வெளிப்பக்கம் வைரம் பாய்ந்தது, உள்ளே மென்மையான சோறு. நார் நேராக ஓடுவதால் துளையிடாமல் ஆணி அடித்தால் பிளந்துவிடும். பெண்பனையை வெட்டுவதற்கு 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும், பலாவுக்கும் ஈரப்பலாவுக்கும் அதே சட்டம்தான். அதனால் வீட்டு இடிபாட்டில் கிடக்கும் பழைய சலாகை எங்களுக்குப் பொக்கிஷம். நான் குருத்தோலையைச் சாயத்தில் அவித்துக் காயவைத்து அந்தத் தட்டுகளுக்கு இழுப்பறை மாதிரி மூடிப் பெட்டிகள் இழைத்தேன். பழைய யன்னல் கதவு கண்ணாடிச் சட்டமானது. கிழிந்த காஞ்சிபுரத்தின் கரை மெத்தை உறையானது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பழைய பெயின்ற் அடித்த சாமானில் ஈயம் இருக்கலாம். அதைக் காய்ந்தபடி தேய்க்காதீர்கள். நனைத்துத் தேயுங்கள், முகமூடி போடுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

விற்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஓலைப் பெட்டிகளை விற்கிறேன். தளபாடத்தை விற்பதில்லை, செலவழித்த நேரத்துக்கு யாரும் விலை தரமாட்டார்கள், நாங்களும் அதற்காகச் செய்யவில்லை. தங்கச்சியின் கலியாணத்துக்கு ஒரு பெட்டகத்தைத் திருத்திக் கொடுத்தோம். நீங்கள் தொடங்குவதென்றால் அலுமாரியில் தொடங்காதீர்கள். ஆடுகிற ஒரு சின்ன ஸ்ரூலை எடுத்து, ஒருவர் கழற்ற மற்றவர் பசையைச் சுரண்டுங்கள். எந்தக் கால் எந்தத் துளைக்கு என்று கழற்ற முதலே பென்சிலால் இலக்கமிட மறக்காதீர்கள்.