தெஹ்ரான் பேச்சுப் பாரசீகம்: 'கே' எங்கே வருகிறது என்று கவனியுங்கள்

தம்பி, புத்தகப் பாரசீகத்தோடு தெஹ்ரானில் இறங்கினால் கடைக்காரர் பேச்சே பிடிபடவில்லை, இணைப்புச் சொற்களை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள்.

அதற்கு முன் காதைப் பழக்குங்கள். எழுத்தில் 'ஆன்' என்பது பேச்சில் பெரும்பாலும் 'ஊன்'. ரொட்டிக்கு 'நான்' என்று படித்திருப்பீர்கள், இங்கே 'நூன்'. வீடு 'ஹானே' அல்ல, 'ஹூனே'. போகிறேன் என்பதற்கான 'மீரவம்' சுருங்கி 'மீரம்' ஆகிவிடும். நம் 'வேண்டும்' 'வேணும்' ஆகவில்லையா, அப்படித்தான்.

உங்களைக் குழப்புவது அநேகமாக 'ஓ'. 'நூனோ பனீர்' என்றால் ரொட்டியும் பாலாடைக்கட்டியும். 'நூனோ பெதெ' என்றால் ரொட்டியைக் கொடு. முன்னது எழுத்தில் 'வ' (நம் 'உம்'), பின்னது 'ரா' (நம் 'ஐ'). இரண்டும் தேய்ந்து ஒரே ஒலியாகிவிட்டன. அடுத்து வருவது பெயரா வினையா என்று பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இனி 'கே'. நாம் 'என்று' போட்டுவிட்டுச் 'சொன்னான்' என்போம். அவர்கள் சொன்னான் என்று தொடங்கி, 'கே' போட்டு, மீதியைச் சொல்வார்கள்: 'கோஃப்த் கே மியாத்', வருவான் என்று சொன்னான். அவசரத்தில் 'கே' கூட விழுந்துவிடும். ஆங்கிலம் வழியாக யோசித்துக் காலத்தை மாற்றாதீர்கள். 'வர்றேன்னு சொன்னான்' என்பதில் 'வர்றேன்' மாறுவதில்லையே. 'கோஃப்த் மியாம்' என்பதும் அதேதான். இதே 'கே' அழுத்தத்துக்கும் வரும். 'மன் கே கோஃப்தம்!' என்றால் 'நான்தான் சொன்னேனே!' இந்த ஏகாரத்தை ஆங்கிலத்தில் விளக்க எவ்வளவு பாடுபட வேண்டும்!

'அகெ' (எழுத்தில் 'அகர்') நமக்கு லேசு. 'அகெ ஊமத், பெஹேஷ் பெகூ': வந்தால் அவனிடம் சொல். 'ஊமத்' இறந்தகாலம்தான்; நம் 'வந்தால்' நிற்பதும் இறந்தகால அடியில்தானே. 'நானும்' என்பதன் 'உம்' அவர்களிடம் 'ஹம்', பேச்சில் வெறும் 'அம்': 'மனம் மியாம்', நானும் வர்றேன். 'வலீ' (ஆனால்), 'சொன்' (ஏனென்றால்) இரண்டும் தானாக வந்துவிடும், மெனக்கெட வேண்டாம்.

வகுப்பு வேண்டுமென்றால் தெஹ்குதா அகராதி நிறுவனத்தில் வெளிநாட்டவருக்கு நடத்துகிறார்கள். என்னைக் கேட்டால், கூடவே பகிர்வு டாக்சியில் ஏறி உட்கார்ந்து மற்றவர்கள் பேசுவதைக் கேளுங்கள். இறங்கும் இடம் வந்ததும், 'மெர்சி ஆகா, பியாதெ மீஷம்' (நன்றி ஐயா, இறங்கிக்கொள்கிறேன்) என்றால் ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டிவிடுவார்.